பிரதி கொடுத்தலும் மாற்றும் உரிமை கொடுத்தலும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – துணைச் செய்நிரல்கள், பரமானங்கள், தரவு வகைகள்

மாணவர்களே, துணைச் செய்நிரல் என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறீர்கள். ஆனால் பத்து வரிச் செய்நிரல் ஒன்றைத் தந்து, "இதன் வெளியீடு யாது?" என்று கேட்டதும் வகுப்பில் பாதிப்பேர் பேனாவைக் கடிக்கிறீர்கள். காரணம் ஒன்றுதான். துணைச் செய்நிரலுக்கு ஒரு மாறியை அனுப்பும்போது உண்மையில் எது போகிறது என்பதை நீங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. போவது மாறியின் பெறுமானத்தின் பிரதியா? அல்லது அந்த மாறியையே மாற்றுவதற்கான உரிமையா? இப்பாடம் இந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

துடுப்பாட்டப் போட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். மைதானத்தின் ஓரத்தில் பெரிய புள்ளிப்பலகை இருக்கிறது. அதில் 144 என்று தொங்குகிறது. பார்வையாளர் எல்லோரும் அதைப் பார்க்கலாம். கொப்பியில் எழுதியும் வைக்கலாம். உங்கள் கொப்பியில் உள்ள 144 ஐ வெட்டி 200 என்று எழுதினால் பலகை மாறுமா? மாறாது. பலகைக்குப் பின்னால் இலக்கத் தகடுகளுடன் நிற்கும் மாணவன் ஒருவனுக்குத்தான் அதை மாற்றும் உரிமை உண்டு. கொப்பியில் எழுதுவது பிரதி. தகட்டைக் கையில் வைத்திருப்பது உரிமை.

இனி இதே விடயத்தைச் செய்நிரலாக எழுதுவோம். விளக்கத்துக்காக இங்கே தமிழில் போலிக் குறிமுறையாகத் தருகிறேன். பரீட்சையில் பஸ்கால் மொழியில் எழுதும்படி கேட்டால் அதன் ஒதுக்கப்பட்ட சொற்களை ஆங்கிலத்திலேயே எழுதவேண்டும் என்பதை மறவாதீர்.

துணைச் செய்நிரல் கூட்டு (எ : முழுவெண்);
தொடக்கம்
   எ := எ + 4;
   எழுது (எ);
முடிவு;

பிரதான செய்நிரல்
தொடக்கம்
   ஓட்டம் := 144;
   கூட்டு (ஓட்டம்);
   எழுது (ஓட்டம்);
முடிவு.

முதலில் 148 வெளியிடப்படும். அடுத்து 144 வெளியிடப்படும். இரண்டாவதையும் 148 என எழுதுபவர்களே அதிகம். "எ" என்பது துணைச் செய்நிரலுக்குள் உருவாகி, அது முடிந்ததும் மறைந்துபோகும் தனியான ஓர் இடம். "ஓட்டம்" என்ற மாறியின் பெறுமானம் அதற்குள் பிரதி செய்யப்பட்டது, அவ்வளவுதான். இவ்வாறானது பெறுமானப் பரமானம் எனப்படும்.

இப்பொழுது முதல் வரியில் "எ" என்பதற்கு முன்னால் பஸ்காலின் "வார்" என்ற சொல்லைச் சேருங்கள். வேறு எதையும் மாற்றவேண்டாம். வெளியீடு 148, 148 என வரும். "எ" இப்போது தனி இடமன்று. "ஓட்டம்" என்ற மாறிக்கு இட்ட இன்னொரு பெயர். இது மாறிப் பரமானம். ஒரு சிறு சொல் விடையை மாற்றிவிடுகிறது. ஆகவே வெளியீடு கேட்கும் வினாவைக் கண்டதும் முதலில் செய்யவேண்டியது, துணைச் செய்நிரலின் தலைப்பு வரியில் "வார்" உள்ளதா, இருந்தால் எந்தப் பரமானத்துக்கு உள்ளது என்று பென்சிலால் வட்டமிடுவதே.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: "சேர், பிரதான செய்நிரலில் பிரகடனஞ் செய்த மாறியைத் துணைச் செய்நிரலுக்குள் நேரடியாகவே மாற்றலாமே, பரமானம் எதற்கு?" நல்ல கேள்வி. மாற்றலாம். ஆனால் துணைச் செய்நிரலுக்குள் "ஓட்டம்" என்ற பெயரை எழுதிவிட்டால், அது அந்த ஓர் அணிக்கு மட்டுமே உதவும். மற்ற அணியின் ஓட்டத்துக்கு இன்னொரு துணைச் செய்நிரல் எழுதவேண்டி வரும். பெயரைப் பரமானமாக வெளியே விட்டால் ஒரே துணைச் செய்நிரலை இரு அணிக்கும், உதிரி ஓட்டங்களுக்கும், ஏன், சந்தைக் கடையின் மொத்தத்துக்கும் பயன்படுத்தலாம். மீளப் பயன்படுத்தல் என்று வரைவிலக்கணத்தில் நீங்கள் எழுதும் சொல்லின் பொருள் இதுதான்.

தரவு வகை ஏன் அச்சொட்டாகப் பொருந்தவேண்டும்?

பெறுமானப் பரமானத்தில் தரவு வகை சற்று முன்பின் இருக்கலாம். துணைச் செய்நிரல் மெய்யெண் ஒன்றைக் கேட்கிறது, நீங்கள் முழுவெண் ஒன்றைக் கொடுக்கிறீர்கள் எனின், பஸ்கால் அதை ஏற்றுக்கொள்ளும். 144 என்பது 144.0 எனப் பிரதியில் மாற்றி வைக்கப்படும். ஆனால் அதே பரமானத்துக்கு "வார்" இட்டால் தொகுப்பான் உடனே வழு காட்டி நிறுத்திவிடும். மாறிப் பரமானத்தில் இரு பக்கத்துத் தரவு வகையும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

இதை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. நினைவகத்தை நினைத்தால் போதும். டேர்போ பஸ்காலில் ஒரு முழுவெண் மாறிக்கு 2 பைற்று இடம். அதனால்தான் அதில் –32768 முதல் 32767 வரையே சேமிக்க முடியும். மெய்யெண்ணுக்கு 6 பைற்று. இப்போது "ஓட்டம்" என்ற 2 பைற்று அறையின் சாவியை, 6 பைற்று எழுதப் பழகிய துணைச் செய்நிரலிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? முதல் 2 பைற்று அறைக்குள் போகும். மிகுதி 4 பைற்று பக்கத்து அறைகளுக்குள் போய் விழும். பக்கத்து அறையில் விக்கெட்டுகளின் எண்ணிக்கை இருந்தால் அது அழிந்துவிடும். பிரதி எடுக்கும்போது இந்த ஆபத்து இல்லை. மாற்றும் உரிமை கொடுக்கும்போதுதான் உண்டு. தொகுப்பானின் கண்டிப்பு உங்களைத் தண்டிப்பதற்காக வந்ததன்று என்று இப்போது விளங்கும்.

"வார்" பரமானத்துக்கு நல்ல உதாரணம் பஸ்காலுக்குள்ளேயே இருக்கிறது. "வால்" என்ற உட்பொதிந்த துணைச் செய்நிரல் ஒரு சரத்தை எண்ணாக மாற்றித் தரும். அதற்கு மூன்று பரமானங்கள். முதலாவது சரம், அது பெறுமானமாகப் போகிறது. இரண்டாவது விடையை இடுவதற்கான எண் மாறி. மூன்றாவது வழுவைக் குறிக்கும் முழுவெண் மாறி. மாற்றம் சரியாக நடந்தால் அதில் 0 வரும், நடக்காவிட்டால் சரத்தில் எத்தனையாவது வரியுருவில் சிக்கல் என்பது வரும். "1O5" என்று பூச்சியத்துக்குப் பதிலாக ஓர் எழுத்தைத் தட்டிவிட்டால் 2 என்று காட்டும். பின் இரண்டையும் துணைச் செய்நிரல் மாற்றவேண்டும் என்பதால் அவை மாறிப் பரமானங்கள்.

இணையப் பக்கத்தில் இதே கதை

இப்பகுதி மேலதிக வாசிப்புக்கானது. அவசரமாகப் படிப்பவர்கள் இறுதியில் உள்ள மாதிரி வினாவுக்குப் போகலாம். ஆனால் உயர்தரத்தில் இப்பாடத்தைத் தொடர விரும்புபவர்கள் தவறவிடாதீர்கள்.

பஸ்கால் மொழியை 1970 இல் வெளியிட்டவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லவுஸ் விர்த். அவர் 2024 ஜனவரி 1 ஆம் திகதி காலமானார். 1983 இல் வெளிவந்த டேர்போ பஸ்காலின் தொகுப்பானை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த அன்டர்ஸ் ஹெயில்ஸ்பேர்க். அதே ஹெயில்ஸ்பேர்க் பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் இருந்துகொண்டு 2012 இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்குவதில் முன்னின்றார். இணைய மேலோடிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாறிகளுக்குத் தரவு வகை பிரகடனஞ் செய்வதில்லை. அந்தக் குறையை நிரப்ப வந்தது டைப்ஸ்கிரிப்ட். பஸ்காலில் நீங்கள் கற்கும் தரவு வகைப் பழக்கம் வீண்போகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்றைய இணையப் பக்கங்கள் சிறு சிறு கூறுகளாக எழுதப்படுகின்றன. 2013 இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் என்ற நூலகம் இம்முறையைப் பரப்பியது. நமது புள்ளிப்பலகையை அவ்வாறு அமைப்போம். மேலே ஒரு தாய்க் கூறு. அதன் கீழ் மொத்தத்தைக் காட்டும் கூறு ஒன்று. ஓட்டங்களைச் சேர்க்கும் பொத்தான் கூறு ஒன்று. மொத்த ஓட்டம் என்ற பெறுமானம் இரண்டுக்கும் பொதுவானது. அதை யார் வைத்திருப்பது? தாய்க் கூறுதான். அது காட்டும் கூறுக்குப் பெறுமானத்தை மட்டும் கொடுக்கும். பொத்தான் கூறுக்கு அந்தப் பெறுமானத்தை மாற்றும் சார்பொன்றைக் கொடுக்கும். இச்சார்பை நிலைமாற்றி என்போம். பஸ்காலில் "வார்" செய்த வேலையை இங்கே நிலைமாற்றி செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: பஸ்காலில் அறையின் சாவியையே கொடுத்தோம், இங்கே, "என்ன மாற்றம் வேண்டும் என்று இந்தச் சார்பிடம் சொல், அறையை நான் திறப்பேன்" என்று தாய்க் கூறு சொல்கிறது.

நிலைமாற்றியிடம் இரண்டு விதமாகச் சொல்லலாம். "148 ஆக்கு" என்று புதிய பெறுமானத்தை நேராகச் சொல்லலாம். "இப்போது இருப்பதுடன் 4 ஐக் கூட்டு" என்று ஒரு சார்பாகவும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். நோ போல் ஒன்றைத் துடுப்பாட்டக்காரர் எல்லைக்கோட்டுக்கு அடித்துவிட்டார் என்று வையுங்கள். நோ போலுக்கு 1, அடிக்கு 4, ஆக 5 ஓட்டங்கள். பலகையில் 144. ஒரே அழுத்தலில் பொத்தான் கூறு இரண்டு கட்டளைகள் அனுப்புகிறது: "144 + 4, ஆகவே 148 ஆக்கு", "144 + 1, ஆகவே 145 ஆக்கு". கடைசிக் கட்டளையே நிலைக்கும். பலகையில் 145 வரும். நான்கு ஓட்டம் காணாமற்போகும். பொத்தான் கூறின் கையில் இருந்தது 144 என்ற பழைய பிரதி என்பதே காரணம். மாறாக "4 ஐக் கூட்டு", "1 ஐக் கூட்டு" என்று இரு சார்புகளை அனுப்பினால் 149 என்று சரியாக வரும். பார்த்தீர்களா, பெறுமானப் பரமானத்தின் கதையே இங்கும் திரும்பி வருகிறது.

ஆகவே நிலைமாற்றியின் தரவு வகையை எழுதும்போது அது எதை ஏற்கும் என்பதை முழுமையாக எழுதவேண்டும். "எண் ஒன்றை, அல்லது எண்ணைப் பெற்று எண்ணைத் தரும் சார்பொன்றை ஏற்கும், எதையும் திருப்பித் தராது" என்பதே ரியாக்டின் நிலைமாற்றிக்குரிய முழு வகை. எதையும் திருப்பித் தராத துணைச் செய்நிரலை நீங்கள் பஸ்காலில் ஏற்கெனவே அறிவீர்கள்.

பொத்தான் கூறை எழுதுபவர், "எனக்கு எண்ணை மட்டும் ஏற்கும் சார்பு போதும்" என்று குறைவாகக் கேட்டால் என்ன? டைப்ஸ்கிரிப்ட் அதை அனுமதிக்கும். கார் ஓட்டுவதற்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்த வீட்டுக்கு, காரும் லொறியும் ஓட்ட அனுமதிப்பத்திரம் உள்ள சாரதி வந்தால் மறுப்பார்களா? மறுக்கமாட்டார்கள். ஆனால் லொறியும் ஓட்டவேண்டும் என்று கேட்ட இடத்துக்குக் கார் மட்டும் ஓட்டத் தெரிந்தவரை அனுப்ப முடியாது. கண்டிப்பான சோதனை முறையை இயக்கியிருந்தால் டைப்ஸ்கிரிப்ட் அங்கே வழு காட்டும். மீளப் பயன்படுத்தும் கூறுகளை எழுதும்போது தேவையானதை மட்டும் கேட்பது நல்லது. பல இடங்களில் பொருத்தலாம்.

இன்னொன்று. தெரிவுப் பட்டியல் கூறு ஒன்றை எழுதுகிறோம். ஓரிடத்தில் அதில் ஓவர் இலக்கத்தைத் தெரிவர், அது எண். இன்னோரிடத்தில் பந்துவீச்சாளரின் பெயரைத் தெரிவர், அது சரம். இரண்டுக்கும் இரு கூறுகள் எழுதத் தேவையில்லை. தரவு வகை எழுதும் இடத்தை விண்ணப்பப் படிவத்தின் கோடிட்ட இடம்போல வெறுமையாக விட்டு, அதற்கு "டி" என்று ஒரு பெயரிடலாம். பயன்படுத்தும்போது கோடிட்ட இடம் நிரப்பப்படும். நிபந்தனை ஒன்றே: பெறுமானத்தின் வகையும் நிலைமாற்றி ஏற்கும் வகையும் ஒரே "டி" ஆக இருக்கவேண்டும். காட்டுவது எண்ணாகவும் மாற்றுவது சரமாகவும் இருக்க முடியாது.

சோம்பலுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. "எனி" என்று ஒரு வகை. எதையும் ஏற்கும் என்பது அதன் பொருள். அதை எழுதிவிட்டால் தொகுப்பான் வாய்மூடிவிடும். நானும் அதை எழுதியவன்தான். நான் கலைப்பட்டதாரி, கணினியைப் பட்டம் பெற்ற பிறகு, வகுப்பு எடுத்துக்கொண்டே கற்றேன். 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் எனது வகுப்புக்காக மாதாந்தப் புள்ளிப் பக்கம் ஒன்றை ஆக்கினேன். புள்ளியைத் தட்டச்சு செய்யும் பெட்டிக்குக் கொடுத்த நிலைமாற்றியின் வகை பொருந்தவில்லை என்று சிவப்புக் கோடு வந்தது. இரவு பதினொரு மணி. "எனி" என்று எழுதினேன். கோடு மறைந்தது. பட்டியலைப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் தொலைபேசி. "சேர், பிள்ளை சாப்பிடாமல் அழுகிறாள். நூறு எடுத்தவள் எப்படிக் கடைசி?" பட்டியலைத் திறந்தேன். 94 முதலிடம். இரண்டாம் இடம் 9. பிறகு 85, 72, 58. அடியில் 100. இணைய மேலோடியின் தட்டச்சுப் பெட்டி எண்ணைத் தராது. எப்போதும் சரத்தையே தரும். சரங்கள் அகராதி ஒழுங்கில், முதல் வரியுருவிலிருந்து ஒப்பிடப்படும். "9" என்பது "85" ஐ விடப் பெரிது. "1" இல் தொடங்கும் "100" எல்லாவற்றிலும் சிறிது. ஒன்பது எடுத்த பையன் வீட்டில் அன்று என்ன கொண்டாட்டம் நடந்ததோ தெரியாது. அந்தப் பிள்ளையிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"எனி" என்பதை அழித்து "எண்" என்று எழுதியதும், சரத்தை எண்ணுக்குரிய இடத்தில் இடமுடியாது என்று முதல்நாள் சொன்ன அதே வழு திரும்பி வந்தது. சரத்தை எண்ணாக மாற்றிய பின்பே நிலைமாற்றியிடம் கொடுக்கவேண்டும். அத்துடனும் முடியவில்லை. வராத மாணவரின் பெட்டி வெறுமையாக இருந்தது; வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றினால் ஜாவாஸ்கிரிப்ட் 0 என்று தருகிறது. வராதவரும் பூச்சியம் எடுத்தவரும் ஒன்றல்லர். ஆகவே பெட்டி வெறுமையா என்று முதலில் சோதித்து, நிலைமாற்றியின் வகையை "எண் அல்லது வெறுமை" என்று திருத்தினேன்.

மாதிரி வினா

பின்வரும் போலிக் குறிமுறையின் வெளியீட்டைத் தருக.

துணைச் செய்நிரல் மாற்று (வார் எ : முழுவெண்; பி : முழுவெண்);
தொடக்கம்
   எ := எ + பி;
   பி := எ * 2;
முடிவு;

பிரதான செய்நிரல்
தொடக்கம்
   மொ := 10;
   சே := 3;
   மாற்று (மொ, சே);
   மாற்று (சே, மொ);
   எழுது (மொ, சே);
முடிவு.

விடை: 13, 16.

விளக்கம்: "எ" மட்டுமே மாறிப் பரமானம். முதல் அழைப்பில் "எ" என்பது "மொ". 10 + 3 = 13; எனவே மொ = 13. "பி" 26 ஆகிறது; ஆனால் அது பிரதி, ஆகவே சே = 3 ஆகவே இருக்கும். இரண்டாம் அழைப்பில் இடம் மாறுகிறது என்பதை அவதானிக்குக: இப்போது "எ" என்பது "சே". 3 + 13 = 16; எனவே சே = 16. "பி" 32 ஆகி மறைகிறது. மொ = 13 மாறவில்லை. 78, 39 என்று எழுதியிருந்தால் இரு பரமானங்களையும் "வார்" எனக் கருதியிருக்கிறீர்கள். 10, 3 என்று எழுதியிருந்தால் "வார்" ஐக் கவனிக்கவில்லை.

மேலதிக வினா: மேற்படி பஸ்கால் செய்நிரலில் "சே" என்ற மாறி மெய்யெண் எனப் பிரகடனஞ் செய்யப்பட்டால், எந்த அழைப்பில் அல்லது அழைப்புகளில் வழு ஏற்படும்? காரணம் தருக.

விடை: இரு அழைப்பிலும் வழு ஏற்படும். முதல் அழைப்பில் மெய்யெண் ஒன்று முழுவெண் பெறுமானப் பரமானத்துக்குப் போகிறது. முழுவெண்ணை மெய்யெண்ணில் இடலாம், மெய்யெண்ணை முழுவெண்ணில் இட முடியாது. இரண்டாம் அழைப்பில் மெய்யெண் மாறி முழுவெண் மாறிப் பரமானத்துக்குப் போகிறது. அங்கு இரு வகைகளும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே காரணத்தை எழுதினால் முழுப்புள்ளி கிடைக்குமென எதிர்பார்க்கவேண்டாம்.